ஆற்றுக்கு எவ்வளவு?

வடதில்லியில் யமுனையின் குறுக்கே நிற்கும் வஜீராபாத் தடுப்பணைக்கு ஓர் எண் உண்டு: 674.5 அடி. கடல் மட்டத்திலிருந்து அளக்கப்படும் இந்த உயரத்தில் தேக்கத்தின் நீர் நின்றால், அதை நம்பியிருக்கும் வஜீராபாத், சந்திராவல் சுத்திகரிப்பு நிலையங்கள் முழு அளவில் இயங்கும். மட்டம் சில அடிகள் தாழ்ந்தாலே மறுநாள் செய்தித்தாளில் அறிவிப்பு வரும். தண்ணீர் லாரியின் பின்னால் பிளாஸ்டிக் குடங்களின் வரிசை நீளும். மாநிலங்கள் ஒன்றையொன்று குற்றம் சாட்டும். தலைநகரின் கோடை அரசியலில் இந்த எண் அளவுக்கு அடிக்கடி உச்சரிக்கப்படும் எண் வேறு இல்லை எனலாம்.

தடுப்பணைக்குக் கீழே இருக்கும் ஆற்றுக்கு அப்படி எவரும் உச்சரிக்கும் எண் கிடையாது. மழைக்காலம் நீங்கலான மாதங்களில் மதகுகளைக் கடந்து நன்னீர் ஏறத்தாழச் செல்வதே இல்லை. தடுப்பணையைத் தாண்டிய உடனே, ஒரு காலத்தில் சாகிபி ஆற்றின் வழியாக இருந்த நஜஃப்கர் வடிகால் வந்து கலக்கிறது. அங்கிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டருக்கு யமுனை என்ற பெயரில் ஓடுவது பெரும்பாலும் நகரத்தின் கழிவுநீர். 1,376 கிலோமீட்டர் நீளமுள்ள நதியில் 2 விழுக்காட்டுக்கும் குறைவான இந்தப் பகுதி, அதன் மாசுச் சுமையில் முக்கால் பங்குக்கும் மேல் தருகிறது. சத் பூஜையின்போது நுரைக்கு நடுவே நின்று அர்க்கியம் விடும் பெண்களின் ஒளிப்படங்கள் ஆண்டுதோறும் வெளியாவது இந்தப் பகுதியிலிருந்துதான்.

நகரம் நீரை மட்டத்தால் அளக்கிறது. மீன் ஓட்டத்தால் அறிகிறது. தேக்கத்தில் நிற்கும் நீர் நகரத்துக்குப் போதும். மீனுக்கு நகரும் நீர் வேண்டும், அதில் கரைந்த உயிர்வளி வேண்டும், பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும் ஆழம் வேண்டும். இந்த இரண்டு தேவைகளும் ஒரே ஆற்றில் மோதும்போது எதற்கு முதலிடம் என்ற கேள்வி எழுவது இயல்பு. தில்லியின் வரலாற்றில் அந்தக் கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. அது சென்ற விதமும் கவனத்துக்கு உரியது.

ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி கமடோர் சுரேஷ்வர் சின்ஹா 1992இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனுவைத் தாக்கல் செய்தார். யமுனையில் நீர் ஓட வேண்டும் என்பது அவர் கேட்டவற்றுள் ஒன்று. அதே வழக்குகளின் தொடரில் 1996 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, நீரின் முதன்மைப் பயன் குடிநீரே என்றது. வஜீராபாத் தேக்கம் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என ஆணையிட்டது. ஆற்றின் ஓட்டத்துக்கான ஆணை 1999 மே மாதத்தில் வந்தது: யமுனையில் வினாடிக்கு 10 கன மீட்டர் நீர் எப்போதும் ஓட வேண்டும். கன அடியில் சொன்னால் ஏறத்தாழ 353. 2015 ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் இந்த அளவை வலியுறுத்தியது. தேக்கம் நிறைய வேண்டும் என்ற ஆணை நடைமுறையில் உயிரோடு இருக்கிறது. மட்டம் ஓரடி குறைந்தால் வழக்கறிஞர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஓட்டத்துக்கான ஆணையைக் கேட்டு அவ்வாறு ஓடி வருவோர் குறைவு.

இந்த 10 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1994 மே 12 அன்று யமுனைப் படுகை மாநிலங்கள் ஐந்தும் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்திலேயே அது இடம்பெற்றுவிட்டது. ஓக்லா வரையிலான யமுனையின் பயன்படுத்தத்தக்க நீரை ஆண்டுக்கு 1,198.3 கோடி கன மீட்டர் என அந்த ஒப்பந்தம் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பழகிய அளவில் ஏறத்தாழ 423 டி.எம்.சி. அதில் ஹரியானாவுக்கு 573 கோடி, உத்தரப் பிரதேசத்துக்கு 403.2 கோடி, ராஜஸ்தானுக்கு 111.9 கோடி, தில்லிக்கு 72.4 கோடி, இமாச்சலப் பிரதேசத்துக்கு 37.8 கோடி. கூட்டிப் பார்த்தால் மிகச் சரியாக 1,198.3 வரும். எதுவும் மிஞ்சாது.

இந்தப் பட்டியலைத் தமிழில் சொல்லும்போது ஒன்று புலப்படுகிறது. பெறுவோர் எல்லாரும் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார்கள்: ஹரியானாவுக்கு, ராஜஸ்தானுக்கு, தில்லிக்கு. இலக்கணம் இந்த வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்களில் முதலாவது கொடை. யமுனையும் ஒப்பந்தத்தில் வருகிறது. ஆனால் ஏழாம் வேற்றுமையில், நீர் கிடக்கும் இடமாக வருகிறது: ஆற்றில் உள்ள நீர், ஆற்றில் கட்டப்படும் அணை. 'ஆற்றுக்கு' என்ற வடிவம் அந்தப் பங்கீட்டில் இல்லை.

அப்படியானால் அந்த 10 கன மீட்டர்? அது தனி ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. சூழலியல் காரணங்களுக்காக தாஜேவாலாவுக்குக் கீழும் ஓக்லாவுக்குக் கீழும் ஆண்டு முழுவதும் ஒரு குறைந்தபட்ச நீரோட்டம் பேணப்படும் என்கிறது அது. 'பேணப்படும்' என்பது செயப்பாட்டு வினை. யார் பேணுவது, யார் பங்கிலிருந்து பேணுவது என்ற எழுவாய் இல்லை. அதைவிட முக்கியம், வாக்கியத்தில் ஒட்டியிருக்கும் நிபந்தனை: மேற்பகுதியில் நீர்த்தேக்கங்கள் கட்டி முடிக்கப்படும் விகிதத்துக்கேற்ப இந்த ஓட்டம் படிப்படியாக 10 கன மீட்டர் வரை உயரும். மாநிலங்களின் பங்குக்கு இப்படி ஒரு காத்திருப்பு விதிக்கப்படவில்லை. தேக்கங்கள் வரும்வரை இடைக்கால ஏற்பாடாகப் பருவவாரியான ஒதுக்கீடு அவற்றுக்கு உடனே கிடைத்தது. நீர் குறையும் ஆண்டில் என்ன செய்வது என்பதற்கும் ஒப்பந்தத்தில் வழி இருக்கிறது: முதலில் தில்லியின் குடிநீர், எஞ்சியது மற்ற நான்கு மாநிலங்களுக்கும் விகிதப்படி. வறட்சி ஆண்டுக்கான அந்த விதியில் ஆறு குறிப்பிடப்படவே இல்லை.

வழக்கமாக இந்த விவாதம் இங்கே ஒரு முட்டுச்சந்தில் போய் நிற்கும். குழந்தைக்குத் தண்ணீரா, மீனுக்குத் தண்ணீரா என்று யாராவது கேட்பார்கள். கேள்வி நேர்மையானதுபோல் ஒலிக்கும். அதற்கு மீன் என்று பதில் சொல்லக்கூடியவர் எவருமில்லை. ஆனால் யமுனையின் கணக்கில் அந்தக் கேள்வியே பிழையானது.

பருவவாரியான ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஜூலை முதல் அக்டோபர் வரையிலான நான்கு மாதங்களில் மட்டும் 905.6 கோடி கன மீட்டர், அதாவது ஆண்டின் முக்கால் பங்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஐந்து மாநிலங்களுக்கும் சேர்த்து 127.5 கோடிதான். ஆறு வற்றிச் சாகும் பருவம் இதுவும் இதைத் தொடரும் கோடையும். இந்த நான்கு குளிர்மாதங்களில் தில்லிக்கு ஒதுக்கப்பட்டது 6.8 கோடி. வினாடிக்குப் பிரித்தால் ஆறரைக் கன மீட்டருக்குச் சற்று மேல். நீதிமன்ற ஆணைகளாலும் பிற ஏற்பாடுகளாலும் தில்லி நடைமுறையில் பெறுவது இதைவிடக் கூடுதல். எனினும் ஒப்பீட்டின் அளவு புரிகிறது. ஆற்றுக்கென்று சொல்லப்பட்ட 10 கன மீட்டர் அதே காலத்தில் 10.4 கோடி, மொத்தத்தில் 8 விழுக்காடு. ஹரியானாவின் பங்கு 68.6 கோடி, உத்தரப் பிரதேசத்தின் பங்கு 34.3 கோடி. இவை பெரும்பாலும் மேற்கு, கிழக்கு யமுனைக் கால்வாய்கள் வழியே வயல்களுக்குச் செல்கின்றன. மீனின் நீரையும் குழந்தையின் நீரையும் கூட்டினாலும் கோதுமையின் நீருக்கு அருகே வராது.

இதைச் சொல்வதால் உழவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். கர்னாலிலும் சகாரன்பூரிலும் கோதுமைக்கும் கரும்புக்கும் கால்வாய்நீரை எதிர்பார்ப்பவர்கள், அரசின் கொள்முதலும் கொள்கையும் காட்டிய வழியில் பயிர் செய்கிறார்கள். ஜனவரியில் ஹத்னிகுண்டின் மதகு ஆற்றுப்பக்கம் சற்று அதிகமாகத் திறந்தால், கடைமடையில் ஒரு முறைப்பாசனம் தள்ளிப்போகலாம். அந்த இழப்புக்கு விலையும் ஈடும் உண்டு. அதைப் பேச்சில் வைக்க வேண்டும். ஆனால் பாசனத்தோடு பேச வேண்டிய பேச்சைத் தவிர்ப்பதற்காகக் குடிநீரை முன்னே நிறுத்துவது, தாகத்தின் பெயரால் செய்யப்படும் ஒரு மறைப்பு.

குடிநீருக்குள்ளேயும் ஒரு கணக்கு இருக்கிறது. யமுனை, கங்கை, பக்ரா, நிலத்தடி நீர் என எல்லா ஊற்றுகளும் சேர்ந்து தில்லி நாளொன்றுக்கு வழங்குவது ஏறத்தாழ 1,000 மில்லியன் காலன். வினாடிக்கு 50 கன மீட்டருக்கு மேல். அதில் 40 விழுக்காட்டுக்கும் மேல் கணக்கில் வராமல் போகிறது. ஒரு பகுதி குழாய்க் கசிவு, ஒரு பகுதி களவு இணைப்பு, ஒரு பகுதி அளக்கப்படாத பயன்பாடு. முழுவதையும் மீட்க எந்த நகரத்தாலும் முடியாது. ஆயினும் வினாடிக்கு 20 கன மீட்டரை எட்டும் அந்த அளவு, ஆற்றுக்குத் தர இயலாது என்று மறுக்கப்படும் நீரைப் போல் இருமடங்கு. சங்கம் விஹாரில் லாரிக்குக் காத்திருப்பவரின் வறட்சிக்கும் வஜீராபாத்துக்குக் கீழுள்ள ஆற்றின் வறட்சிக்கும் காரணம் ஓரளவு ஒன்றே.

இனி, அந்த 10 கன மீட்டர் ஆற்றுக்குப் போதுமா என்ற கேள்வி. ரூர்க்கியிலுள்ள தேசிய நீரியல் நிறுவனம் ஆராய்ந்து, குறைநீர்க் காலத்தில் ஹத்னிகுண்டிலிருந்து வினாடிக்கு 23 கன மீட்டர் விட வேண்டும் எனப் பரிந்துரைத்தது. குளிர்மாத ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 10 கன மீட்டர் விடப்படும்போது அதன் பெரும்பகுதி ஹத்னிகுண்டுக்குக் கீழுள்ள அகன்ற மணற்படுகையிலேயே இறங்கிவிடுகிறது. அதைக் காட்டி, விட்டும் பயனில்லை என்று வாதிடுவோர் உண்டு. மணலில் இறங்கிய நீர் காணாமற்போவதில்லை. வெள்ளச் சமவெளியின் நிலத்தடியில் சேர்கிறது. தில்லியின் எல்லையில் பல்லா பகுதியில் ஆழ்துளைக் கிணறுகளால் நகரம் இறைத்துக் குடிப்பதும் இத்தகைய சமவெளி நீரையே. ஆற்றில் விட்ட நீரில் ஒரு பங்கு நகரத்தின் குழாய்க்கே சுற்றி வருகிறது.

எண்ணைவிடக் கடினமானது அந்த எண்ணின் அசையாமை. ஆறு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் ஓடுவதில்லை. அதில் வாழும் உயிர்கள் அந்த ஏற்ற இறக்கத்தையே நாள்காட்டியாகக் கொண்டவை. ரோகு, கட்லா, மிர்கால் கெண்டைகள் பருவமழையின் புதுவெள்ளம் ஏறும்போது முட்டையிடுகின்றன. பொன்மகசீர் அதே வெள்ளத்தில் கிளையாறுகளை நோக்கி ஏறுகிறது. சம்பலின் கரியால் முதலைகள் நீர் தாழ்ந்த பங்குனி மாதத்தில் மணல்திட்டில் முட்டையிட்டு, மழை வருமுன் குஞ்சு பொரிக்கின்றன. அந்நேரம் திடீரென நீர் திறந்துவிட்டால் கூடுகள் மூழ்கும். ஆகவே ஆற்றின் பங்கு என்பது ஒரு கொள்ளளவு மட்டுமன்று. எந்த மாதத்தில், எவ்வளவு, எந்த வேகத்தில் ஏறி என்பதும் சேர்ந்தது. ஆண்டு முழுவதும் 10 என்பது மாதச் சம்பளம் போன்ற ஓர் ஏற்பாடு. ஆற்றின் வாழ்க்கை விதைப்பும் அறுவடையும் போன்றது.

இதை நம் கொள்கை ஆவணங்கள் அறியாதவை அல்ல. 1987ஆம் ஆண்டின் தேசிய நீர்க் கொள்கை வகுத்த முன்னுரிமை வரிசையில் சூழலியல் இல்லவே இல்லை. 2002இல் அது குடிநீர், பாசனம், நீர்மின்சாரம் ஆகியவற்றுக்குப் பின் நான்காவதாக வந்தது. 2012இன் கொள்கை, ஆற்றின் ஒரு பகுதி நீரைச் சூழலியல் தேவைக்கு ஒதுக்கி வைக்க வேண்டும் என்றும், குறைந்த ஓட்டமும் மிகுந்த ஓட்டமும் இயற்கையான ஓட்டத்துக்கு ஏற்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்றும் கூறியது. 2018 அக்டோபரில் கங்கைக்கு அறிவிக்கப்பட்ட சூழலியல் நீரோட்டம் இந்தத் திசையில் ஓர் அடி. தோன்றும் பனியாறுகளிலிருந்து தேவப்பிரயாகை வழியே ஹரித்வார் வரை நவம்பர் முதல் மார்ச் வரை வரும் நீரில் 20 விழுக்காடு, அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 விழுக்காடு ஆற்றிலேயே இருக்க வேண்டும். இவை போதாது என்ற விமர்சனம் வலுவானது. இருந்தும் மாதத்துக்கு மாதம் மாறும் ஒரு பங்கு ஆற்றுக்கு முதன்முறையாக எழுதப்பட்டது. யமுனையின் பாதைக்கு அந்த அறிவிப்பு பொருந்தாது.

யமுனைக்குச் சொல்லப்படும் தீர்வு வேறு: மேலே அணை கட்டுவோம், குளிர்காலத்துக்கு நீர் சேமிப்போம், அப்போது எல்லார்க்கும் கிடைக்கும். யமுனையில் 204 மீட்டர் உயர லக்வார், கிரி ஆற்றில் 148 மீட்டர் உயர ரேணுகாஜி, டோன்ஸ் ஆற்றில் 236 மீட்டர் உயரத்துக்குத் திட்டமிடப்பட்ட கிசாவ். லக்வாருக்கும் ரேணுகாஜிக்கும் 2021 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ரேணுகாஜி தில்லிக்குத் தரப்போவதாகச் சொல்லப்படும் குடிநீர் வினாடிக்கு 23 கன மீட்டர். ஆற்றின் ஓட்டத்துக்கு நீரியல் அறிஞர்கள் கேட்டதும் அதே 23 என்பது தற்செயல். தற்செயல் அல்லாதது வேறொன்று. 1994இன் வாக்கியப்படி, கீழே யமுனை ஓட வேண்டுமானால் மேலே கிரியும் டோன்ஸும் தடுக்கப்பட வேண்டும். மகசீர் வலசை போகும் பாதையை அடைத்து, ரேணுகா சரணாலயத்தின் ஒரு பகுதியை மூழ்கடித்து, சிர்மௌர் மாவட்டத்து ஊர்களை இடம்பெயர்த்து, அதன் பிறகு கீழே ஓட்டம் வரும். ஓர் ஆற்றின் வாழிடத்துக்கு விலையாக இன்னோர் ஆற்றின் வாழிடம். அணை தேவையா என்பதில் கருத்து வேறுபடலாம். அணை வரும்வரை ஆற்றுக்கு ஒன்றுமில்லை என்ற நிபந்தனை அறிவியலிலிருந்து வந்தது அன்று. அது பேரத்தின் விளைவு.

'உபரி' என்ற சொல்லும் இந்தப் பேரத்தில் பிறந்ததே. 2024 ஜூனில் தில்லி வெப்ப அலையில் தவித்தபோது, இமாச்சலிடமிருக்கும் உபரிநீர் வினாடிக்கு 137 கன அடியைத் தில்லிக்கு விடுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு வாரத்துக்குள் இமாச்சல் தன் முந்தைய கூற்றைத் திரும்பப் பெற்றது: அந்த உபரி தன்னிடம் இல்லை. நீதிமன்றம் தில்லியை மேல் யமுனை ஆற்று வாரியத்திடம் அனுப்பியது. எவரும் எடுக்காத நீர் ஆற்றில் ஓடிக்கொண்டிருந்தால் அது ஆவணத்தில் உபரி. ஆறு ஓடுவதே ஒரு பயன்பாடு என்று எழுதப்படாத வரையில், ஓடும் ஒவ்வொரு கன அடியும் யாருடையதோ எடுக்கப்படாத பங்காகவே தோன்றும். கடலில் வீணாகக் கலக்கிறது என்று காவிரியையும் கோதாவரியையும் பற்றிப் பேசும் நமக்கும் இந்தச் சொல்வழக்கு அந்நியமானது அல்ல.

19ஆம் நூற்றாண்டில், 1879இல் வெளியான ஜான் ஆண்டர்சனின் விலங்கியல் குறிப்புப்படி, கங்கை ஓங்கில்கள் யமுனையில் தில்லி வரை வந்தன. அதுவும் ஆறு மெலிந்திருக்கும் மே மாதத்தில். இன்று நாட்டின் தேசிய நீர்வாழ் விலங்காக விளங்கும் அந்த உயிரை யமுனையில் காண, சம்பல் வந்து தன் நீரைக் கொடுத்து ஆற்றை மீட்டெடுக்கும் இடத்துக்குக் கீழே செல்ல வேண்டும். ஓங்கிலைத் தில்லிக்குத் திரும்பக் கொண்டுவருவது யாருடைய திட்டத்திலும் இல்லை. ஒரு தலைநகரின் நடுவே கோடையிலும் ஓங்கிலைத் தாங்கும் அளவுக்கு நீர் இருந்தது என்ற செய்தி, இப்போதைய நிலை இயற்கையின் விதி என்று எண்ணுவோருக்கு ஒரு மறுமொழி.

இவற்றையெல்லாம் இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டுக்குப் பின், படுகை மாநிலங்களில் ஏதேனும் ஒன்று கோரினால் 1994இன் ஒப்பந்தத்தை மறு ஆய்வு செய்யலாம் என்று அந்த ஒப்பந்தமே சொல்கிறது. அந்த வாயில் இப்போது திறந்திருக்கிறது. மாநிலங்கள் தத்தம் பங்கைக் கூட்டிக் கேட்கும் மனுக்களோடு வரும்; அதற்கான பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் அவற்றிடம் இருக்கிறார்கள். ஆறு ஒரு மாநிலம் அல்ல. அதற்காகக் கோரிக்கை வைக்கும் உரிமை ஒப்பந்தத்தில் எவருக்கும் தரப்படவில்லை.

மறு ஆய்வில் கேட்கப்பட வேண்டியவை எளியவை. ஆற்றின் பங்கு பட்டியலின் முதல் வரியில், மாதவாரியாக, மாநிலங்களின் பங்கைப் பிரிக்குமுன் கழிக்கப்பட வேண்டும். அணை கட்டி முடிக்கப்படும் விகிதத்துக்கேற்ப என்ற நிபந்தனை நீங்க வேண்டும். நீர் குறையும் ஆண்டுக்கான விதியில் குடிநீருக்கு அடுத்தபடியாக ஆறு பெயர் சொல்லிக் குறிக்கப்பட வேண்டும். பாசனத்தின் இழப்புக்கு ஈடு எழுதப்பட வேண்டும். தில்லி சுத்திகரிக்கும் கழிவுநீரைக் கால்வாய்ப் பாசனத்துக்குக் கொடுத்து அதற்கு ஈடான நன்னீரை ஆற்றில் விடும் மாற்று ஏற்பாடுகள் பேசப்பட வேண்டும். வஜீராபாத்தில் மட்டத்தை அறிவிப்பதைப் போல, அதே பலகையில் தடுப்பணைக்குக் கீழே செல்லும் ஓட்டமும் நாள்தோறும் அறிவிக்கப்பட வேண்டும். மேல் யமுனை ஆற்று வாரியத்தின் மேசைக்கு இந்தக் கோரிக்கைகள் போக வேண்டுமானால், நீரியலும் மீனியலும் சட்டமும் பொருளியலும் மொழியும் படிப்பவர்கள் ஒப்பந்தத்தின் வாசகத்தை எடுத்து வரிவரியாகப் படிக்கத் தொடங்க வேண்டும். சில பக்கங்களே உள்ள ஆவணம் அது. ஒரு மாலையில் படித்துவிடலாம்.